ஐந்தாவது போஸ்டர்

மார்ச் 3

நர்ஸ்களின் மகாராணியும் என் அக்கா பெற்ற செல்வமுமான மருமகளுக்கு,

உன் முகாமுக்கான போஸ்டர்கள் ஐந்தும் வேனில் வருகின்றன. மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல், தோல், வாய்! அச்சடித்து முடிப்பதற்குள் எனக்கு ஐந்து புற்றுநோயும் வந்து போய்விட்டன. மார்பகப் போஸ்டரைப் படித்த உன் அத்தை அரை மணி நேரம் கண்ணாடி முன் நின்றாள். "கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல" என்று அறிவித்த பிறகுதான் எனக்குச் சோறு. பெருங்குடலைப் படித்த பைண்டர் கழிப்பறைக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை.

முப்பது வருஷத்தில் என் அச்சகத்திலிருந்து ஒரு பிழை வெளியே போனதில்லை. போனால் உலகம் சுற்றுவதை நிறுத்திவிடும்.

அச்சகச் சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

பைண்டரை வெளியே வரச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே இங்கே அனுப்புங்கள்.

வாய்ப் புற்றுநோய் போஸ்டரில் "மூன்று மாதம் ஆறாத புண் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்" என்றிருக்கிறது. நான் எழுதித் தந்தது இரண்டு வாரம். நான் கையெழுத்துப் போட்ட ப்ரூஃபிலும் இரண்டு வாரம்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை வலப்பக்கமே ஒதுக்கி மென்றீர்கள். கேட்டதற்குப் பல்வலி என்றீர்கள்.

மாமா, வாயில் என்ன?

நான்கை ஒட்டிவிட்டோம். இதை மட்டும் ஒட்டாமல் கட்டி வைத்துவிட்டோம்.

உங்கள் மருமகள்

மார்ச் 6

துப்பறியும் சிங்கமே,

கடுகளவு புண். கடுகுக்கெல்லாம் சக்கரவர்த்தி பயப்படுவானா?

பயப்படுகிறான். நாக்கின் இடது ஓரம். பத்து வாரமாகிறது. நீ கையெழுத்துப் போட்டுப் போன பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன். இரண்டு வாரம் என்றால் நான் எட்டு வாரம் தாமதம். மூன்று மாதம் என்று போட்டுப் பார்த்தேன். இன்னும் மூன்று வாரம் மிச்சமிருந்தது. அவ்வளவு நிம்மதி! அப்படியே மெஷினில் ஏற்றிவிட்டேன்.

நல்லவேளை நீ ஒட்டவில்லை. என்னை மாதிரி எவனாவது அதைப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

அத்தையிடம் மூச்சு விடாதே.

மாமா

மார்ச் 7

மாமா,

திட்ட நேரமில்லை. வியாழன் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள், வாசலில் நிற்பேன். எல்லாப் புண்ணும் புற்றுநோய் ஆகிவிடாது. பார்க்காமல் யாராலும் சொல்லவும் முடியாது. சிகரெட்டை விட்டு ஐந்து வருஷம் என்ற கதையை டாக்டரிடம் விடாதீர்கள்.

அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 13

மருமகளே,

பரிசோதனைக்குச் சதையைக் கிள்ளி எடுத்த இடத்தில், நாக்கில் தையல். மூன்று நாள் பேசக் கூடாது என்றதும் அச்சகத்தில் அத்தனை முகங்களிலும் ஒளி.

அத்தையிடம் தாளில் எழுதிக் காட்டினேன். "கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியாத நேரம் பாத்துச் சொல்றீங்களே" என்றாள். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

புதிய போஸ்டர் இத்துடன் வருகிறது. இன்றே ஒட்டிவிடு.

செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வார்கள். டாக்டர் பேசுவதை நீ கவனமாகக் கேட்டுக்கொள். எனக்கு எதுவும் காதில் ஏறாது. நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் மாமா