பச்சை மையும் சந்திரகலாவின் டி.சி.யும்

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
ஜூன் 28, ஞாயிறு.

அன்பு மகள் மெரினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது முட்டி மட்டும் மாடிப்படி ஏறும்போது இன்னும் சத்தம் போடுகிறது. நீயும் புனேயில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவைச் சொல்லிவிடுகிறார். இதை நானே முழுதாகச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிப் பாதியில் போனை வைத்தேனே, அது தலைவலி இல்லை. பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கம் படிப்பாய்.

நான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனதற்கு உன் சம்பளத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு மைப்பேனா வாங்கி அனுப்புகிறேன் என்றாய், நான் வேண்டாம், ஐநூறு ரூபாய்க்குள் நானே பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கெசட்டட் பதவி என்பதால் இனி பச்சை மையில் கையெழுத்து. முன்பு இருந்தவர் மேசையில் விட்டுப்போன பச்சை பால்பாயிண்ட் பேனா அழுத்தினால்தான் எழுதும். ஜூன் மாதம் டி.சி. கொடுக்கும் மாதம், வரிசையாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறது. அதனால் ஆறாம் தேதி சனிக்கிழமை மிஷன் வீதிப் பக்கம் ஒரு சந்தில் புருஷோத்தமன் என்பவர் வைத்திருக்கும் பேனாக் கடைக்குத் தனியாகப் போனேன். உள்ளே எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பிரெஞ்சு பென்ஷன்காரர் போல, பேனா பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்று அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நிப்பை வெளிச்சத்தில் பிடித்து பிளவின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். அழுத்தாமல், பேனாவின் கனத்திலேயே பிரெஞ்சில் ஒரு வரி எழுதினார், எழுதும்போது காதைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் கீறுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டார். அப்புறம் மூடியைத் திறந்தே வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார், பேசி முடித்து மறுபடி எழுதியபோது முதல் கோட்டிலேயே மை வந்தது. அவர் போனதும் நானும் அதேபோல் ஆறு பேனாவைப் பார்த்தேன். பள்ளியில் வீணாய்ப்போன ஒரு டி.சி. தாளைக் கைப்பையில் மடித்து எடுத்துப் போயிருந்தேன், அந்தத் தாள் மட்டமான தாள், தடித்த நிப்பில் எழுதினால் மை வேர்விட்டுப் பரவுகிறது, மெல்லிய நிப்புக்குத்தான் அடங்குகிறது. அறுநூற்றைம்பது ரூபாய்க்குத் தங்கக் கிளிப் போட்டு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது, ஆனால் நிப்பு கீறியது. முந்நூற்றெண்பது ரூபாயில் கறுப்பாக, ஓர் அலங்காரமும் இல்லாமல், திருகு மூடி போட்ட ஒன்று கையில் இருப்பதே தெரியாமல் எழுதியது. அதையே எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் தப்பு நடந்தது. புருஷோத்தமன், இவ்ளோ பாத்துப் பாத்து எடுக்கிறீங்களே, எந்த ஆபீசும்மா, எதுக்கு எழுதறதுக்கு என்று கேட்டார். நான் ஹெட்மிஸ்ட்ரஸ், சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நம் இரண்டு பக்கத்திலும் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான், இருபத்தோரு வருடம் வகுப்பில் பேசியாகிவிட்டது, ஆனாலும் வெளி ஆட்களிடம் நான் இன்னார் என்று சொல்லும்போது பெருமையடித்துக்கொள்வதுபோல் கூச்சமாக இருக்கிறது. சும்மா எழுதறதுக்குத்தான், ஒரு பச்சை மையும் குடுங்க என்றேன். அவரும் சும்மா எழுதுகிறவர்களுக்கு எது நல்லதோ அதைக் கொடுத்தார். இது நிப்புல அடைக்காதும்மா, துணில பட்டாலும் ஒரு அலசு அலசினா போயிடும் என்றார். என் காதால் கேட்டேன் மெரின். கேட்டுவிட்டு, நல்லதாயிற்று, புடவையில் பட்டால் கவலையில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பேனாவில் மூன்று வாரத்தில் முப்பத்தேழு டி.சி.யில் கையெழுத்துப் போட்டேன். பேனா அருமையாக ஓடியது. வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அஞ்சலாட்சி மூச்சு வாங்க என் அறைக்கு வந்தாள். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள், அவள் மகள் சந்திரகலா இந்த வருடம் பத்தாவதில் நம் பள்ளியில் மூன்றாவது மார்க். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் கிடைத்து, அன்றைக்கு ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாள். அஞ்சலாட்சி துறைமுகத்திலிருந்து நேரே போயிருக்கிறாள். டி.சி. பிளாஸ்டிக் கவரில்தான் இருந்தது, கவரின் வாய் திறந்து கூடையில் இருந்த ஐஸ் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அவள் அதை என் மேசைமேல் வைத்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் கிளார்க் பால்பாயிண்டில் நிரப்பியது, அப்படியே இருக்கிறது. முத்திரை மங்கினாலும் படிக்க முடிகிறது. என் கையெழுத்து இருந்த இடத்தில் மட்டும் பாசி பிடித்ததுபோல் ஒரு பச்சைக் கறை. இன்னா டீச்சரே, பொட்டில போட்ட ஐஸ்ஸு கூட இவ்ளோ சீக்கிரம் கரையாது, உங்க கையெழுத்து கரைஞ்சிடுச்சே என்று அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். பாலிடெக்னிக்கில் சான்றிதழ் சரிபார்க்கிற ஆள், மத்ததெல்லாம் இருக்குது, கையெழுத்து மட்டும் எப்பிடிப் போகும், நீங்களா அழிச்சதா என்று கேட்டிருக்கிறார். நாலு மணிக்குள் சரியான டி.சி. வராவிட்டால் சீட்டு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். பொண்ண அங்கியே பெஞ்சில குந்த வெச்சிட்டு வந்துட்டேன் டீச்சரே, எழுந்திருக்காதடின்னு சொல்லி என்றாள்.

புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்து அனுப்பிடுங்க மேடம் என்றார் எங்கள் கிளார்க். இன்றைய தேதி போட்ட புது டி.சி.யைக் கொண்டுபோனால் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும்தான் கூடும். தப்பு என்னுடையது, அந்தப் பெண் ஏன் திருடி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்? டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டை, முத்திரை, பழைய பச்சை பால்பாயிண்ட் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அஞ்சலாட்சியோடு ஆட்டோ ஏறினேன். காலடியில் மீன் கூடை. என்ன பேசுவது என்று நான் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை அவள் பார்த்துவிட்டாள். நீங்க ஒண்ணும் பேச வாணாம், சும்மா பக்கத்துல நில்லுங்க, நான் பேசிக்கிறேன் என்றாள். அவள் பேசினால் சண்டையாகிவிடும் என்று எனக்கு அந்தப் பயம் வேறு.

போனபோது மூன்று பத்து. நாற்பது பேர் வரிசை. சந்திரகலா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லையாம். நான் பழக்கதோஷத்தில் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். டீச்சரே, இங்க நின்னா நம்ம முறை வர்றதுக்குள்ள கதவை சாத்திடுவாங்க என்று அஞ்சலாட்சி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மேசைக்குப் போய்ச் சொன்னேன். சரிபார்க்கிற ஆள் தலையைத் தூக்காமல், கேக்கலைம்மா என்றார். மறுபடி சொன்னேன், மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, இது என் கையெழுத்து, குற்றம் இந்தப் பெண்ணிடம் இல்லை, என் பேனா மையில் என்றேன். சொன்னது போதாது என்று தோன்றியது. வெள்ளைத்தாளில் புதுப்பேனாவால் கையெழுத்துப் போட்டு, அவர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் காட்டினேன். எல்லோரும் பார்க்க என் பெயர் கரைந்து மேசை விளிம்பு வரை ஓடியது. வரிசை முழுதும் சிரிப்பு. ஹெட்மிஸ்ட்ரஸே வந்து மேஜிக் காட்டுறாங்கப்பா என்று ஒருவர் சொன்னார். அந்த ஆள் கெட்டவர் இல்லை, பொறுமையாக அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, டி.சி.யிலேயே மறுகையெழுத்தும் தேதியும் முத்திரையும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சந்திரகலா பெயரைக் கூப்பிட்டார். எழுந்தவள் கால் மரத்துப்போய்த் தடுமாறினாள்.

மீதி முப்பத்தாறு டி.சி. வெளியே இருக்கிறதே. அன்று சாயங்காலமே அப்பாவோடு கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். புருஷோத்தமன் தலையில் கை வைத்துக்கொண்டார். இத அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மை குடுத்திருப்பனேம்மா என்றார். காய்ந்தால் தண்ணீரில் போகாத பச்சை மை ஒன்று கொடுத்தார், வாரம் ஒரு முறை பேனாவைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளுமாம். பேனாவை மாற்றவில்லை, அதன்மேல் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் தட்டிவுடு, வேலை முடிஞ்சுது என்றார். எத்தனை பேர் பார்ப்பார்களோ. நானே ஒவ்வொருவராகப் போன் பண்ணினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பேசுறேன் என்றதும் பாதிப் பேர், என் பையன் என்னா பண்ணான் மேடம் என்றுதான் ஆரம்பித்தார்கள். முதல் ஐந்து போனில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அப்புறம் பழகிவிட்டது. நேற்று சாயங்காலத்துக்குள் முப்பத்தைந்து பேர் வந்து மறுகையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். வெற்றிச்செல்வன் என்கிற பையன் வீடு மட்டும் விழுப்புரத்துக்குப் போய்விட்டது, வரும் சனிக்கிழமை நானே பஸ் ஏறப்போகிறேன்.

சந்திரகலாவும் நேற்று வந்தாள், நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வேண்டுமாம். அஞ்சலாட்சி நாலு வஞ்சிரத் துண்டு கொடுத்தனுப்பியிருந்தாள். நான் வேண்டாம் என்றதற்கு, கையெழுத்துக்கு இல்லியாம் டீச்சர், கூட வந்ததுக்காம் என்றாள். சான்றிதழில் புது மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் உடனே கவரில் போடவில்லை. மின்விசிறிக்கு அடியில் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் என் எதிரிலேயே, நாக்கில் விரலை வைத்து ஈரமாக்கிக்கொண்டு, என் கையெழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். விரலைத் திருப்பி எனக்குக் காட்டினாள், சுத்தமாக இருந்தது. நிக்குது டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் அறைச்சுவர் மழைக்கு ஓதம் அடிக்கிறது என்றாயே, உன் டிகிரி சர்டிபிகேட்டையெல்லாம் சுவரோரம் வைக்காதே, அலமாரியில் மேல்தட்டில் வை. ராத்திரி தலைக்குக் குளிக்காதே. உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

அன்பு முத்தங்களுடன் உன் அம்மா,
புஷ்பமேரி அமலநாதன்,
தலைமையாசிரியை.