மூடி அழுத்தும் கருவி

12.5.1973, சனி

இஞ்சி பீர் நன்றாகப் பொங்கிவிட்டது. இன்றே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். மூடி அழுத்தும் கருவியோ ஐயம்பேட்டையில் சரோஜா அக்காவிடம். இருவரும் சேர்ந்து வாங்கியது, எப்போதாவதுதான் தேவைப்படும். போன முறை கைப்பிடியை உடைத்துக் கொடுத்தவள் நான். எந்த முகத்தோடு கேட்பது? துணிந்து பஸ் ஏறினேன்.

கருவியில் புதுக் கைப்பிடி!

"நானே போட்டேன்மா, எடுத்துக்கினு போ," என்றார் அக்கா. உடனே, "இரு, நானும் வரேன். நீ மறுபடியும் உடைச்சிடுவே," என்று செருப்பை மாட்டினார்.

என் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுத் தறி ஓயும்வரை மூடி அழுத்தினோம். பன்னிரண்டு பாட்டில், ஒன்றுகூடக் கசியவில்லை!

நாலு நாள் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினார். இப்போதே இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். நாலு நாள் எப்படிப் பொறுப்பேனோ, தெரியவில்லை.