டின் தக்காளிக்கு இரண்டு ஆள்

என் பொன்னம்மாவுக்கு,

சிரம்பானில் நம்ம மகள் செல்வி வாசலில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறாள். செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது, ஒரு பூ இல்லை. எந்த உரம் வாங்குவது என்று கேட்டாள். "தழைக்கு மட்டும் போடுறதை வாங்காதே. தழைக்கு, பூவுக்கு, காய்க்குன்னு மூணு சத்தும் உள்ளதா வாங்கு, பையிலே எழுதியிருக்கிறதிலே பாதி போடு" என்றேன். "உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். நீ ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லையே.

அதனால் உனக்கு எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். புக்கிட் பெலண்டோக் பக்கம் நம்ம எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரை வைத்திருந்தோம். லாரி வரும். ஆம்பிளைகளை சயாமுக்கு, ரயில் பாதை போட ஏற்றிப்போகும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் கிடையாது.

பங்களாவில் குடியேறிய ஜப்பான் அதிகாரிக்குத் தக்காளி மேல் ஆசை. தரையில் நட்டதெல்லாம் வாடிச் செத்தது. வெள்ளைக்காரத் துரை இருந்தபோது பங்களாச் செடிகளைப் பார்த்தவள் நீ என்று உன்னை இழுத்து வந்தார்கள். மண்ணெண்ணெய் டின்களில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டாய்.

கங்காணி வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "பழம் வந்தா உன் புருஷன் இங்கேயே தண்ணி தூக்கலாம். வரலேன்னா அடுத்த லாரிதான். என்னாலே ஒண்ணும் பண்ண முடியாதுலா, பொன்னம்மா."

செடி கருகருவென்று தழைத்தது. பூ இல்லை. காலைதோறும் அதிகாரி பிரம்பால் இலையை விலக்கிப் பார்ப்பான். "மானா புவா?" எங்கே பழம்? நீ தலைகுனிந்து நிற்பாய். பிரம்பு உன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும்.

ஸ்டோரில் ரப்பருக்குப் போடுகிற வெள்ளை உரம் மிச்சமிருந்தது. அதிகாரியின் ஆட்கள் ஏற்கெனவே டின்களில் அதைத்தான் போட்டிருந்தார்கள். பயத்தில் நான் இன்னும் ஒரு டப்பா அள்ளி வந்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"அது இலைக்குத்தாங்க. இப்பவே இலை கொழுத்துக் கிடக்கு. தரையிலே போட்டா மழை அடிச்சுக்கிட்டுப் போயிடும். டின்னுக்குள்ளே போட்டது எங்கே போகும்? வேரைக் கருக்கும்."

"லாரி வரப்போகுதுடி!"

"தெரியும். நீங்க தண்ணி கொண்டாங்க."

வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி, பழைய உரத்தை ஓட்டை வழியே வடியவிட்டாய். நம்மோடு இருந்த உன் தம்பி முனியன் லுக்குட் கடற்கரை வரை நடந்து மீன் முள் பொறுக்கி வந்தான். அதைச் சுட்டு இடித்தான். ரப்பர் விறகுச் சாம்பலைச் சலித்தான். இலைக்கு மக்கிய சாணி, பூவுக்கு முள்ளுத் தூள், காய்க்குச் சாம்பல். ஒவ்வொன்றிலும் கொஞ்சமே கொஞ்சம். எது தூக்கலானாலும் மற்றது கெடும் என்றாய்.

பூ வந்தது. பிஞ்சு வந்தது. முதல் பிஞ்சுகள் அடியில் கறுத்து அழுகின. நீ வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாய். மண் காயவே விடாதே என்று காலையும் மாலையும் என்னை விரட்டினாய். அடுத்த காய்கள் சுத்தமாக வந்தன.

நாலைந்து காய் சிவந்திருந்தபோது லாரி வந்தது.

பங்களா முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். நானும் முனியனும் பக்கத்தில் பக்கத்தில். அதிகாரி ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தான். மென்றுகொண்டே என்னைப் பார்த்து விரலை ஆட்டினான், லாரியை விட்டுத் தள்ளி நில் என்று. முனியனை லாரிப் பக்கம் தள்ளினார்கள்.

உன்னை யாரும் பேசச் சொல்லவில்லை. நீ நேராக அவன் முன்னால் போய் நின்றாய். "துவா ஓராங், துவான்." இரண்டு ஆள் வேண்டும், ஐயா.

அறைந்தான். விழுந்தாய். எழுந்து, செடிப் பக்கம் இருந்த சாம்பல் சட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாய். தெரிந்த மலாயில் சொன்னாய்: தண்ணிக்கு என் புருஷன், இதுக்கு என் தம்பி. இவன் போனா இந்த உரம் இல்லே. இந்த உரம் இல்லேன்னா பழம் இல்லே.

லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் செடிகளைப் பார்த்தான். பச்சைக் காய்களைப் பார்த்தான். பிறகு முனியன் இடுப்பில் ஓர் உதை விட்டு எங்கள் பக்கம் தள்ளினான்.

லாரி மற்றவர்களோடு போனது. அவர்களுடைய பெண்டாட்டிகள் உன்னைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன், பொன்னம்மா. அவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை.

ஜப்பான்காரன் போய் வெகுகாலம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே ஒருமுறை கேட்டாய். "நாலு பேர் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பானோ?" அந்தக் கேள்வியால்தான் நீ பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லையா?

முனியன் கோலா பிலாவில் மகன் வீட்டில் இருக்கிறான். கை கால் விழுந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்ததை மறந்து, "அக்கா வரலியா?" என்று சில சமயம் கேட்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை செல்வியோடு போகிறேன். இனி வாராவாரம் போவேன், கஞ்சியை நானே ஊட்டுவேன். அன்றைக்கு லாரியில் ஏறியவர்கள் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒன்றுவிடாமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.

நீ போகவிடாத உன் புருஷன்,
காத்தமுத்து