நீங்கள் குடித்ததே இல்லை, அண்ணே

என் உயிர் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் கொண்டுபோன நோய்க்கு இப்போது மாத்திரை வந்துவிட்டது. இங்கே ஈப்போவிலேயே, அரசாங்க மருத்துவமனையிலேயே கொடுக்கிறார்கள். மூன்று மாதம், தினமும் ஒரு வேளை. சாப்பிட்ட கையோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம். அதைச் சாப்பிட்டுக் குணமான ஒருவன் என் கண் முன்னால் நடமாடுகிறான். யார் தெரியுமா? நம் சித்தப்பா மகன் மாணிக்கம்.

உங்கள் சாவு வீட்டில் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "திருட்டுத்தனமா சாம்சு குடிச்சிருக்காருலா, அதான் ஈரல் போயிருச்சு, வேற என்னா?" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னானே, அதே மாணிக்கம்தான்.

கோபமாகத்தான் எழுதுகிறேன் அண்ணே. உங்கள் மேல் இல்லை.

அப்பா குடித்துவிட்டு தோட்டத்து லயத்து வாசலில் விழுந்து கிடப்பார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து குளிப்பாட்டுவது உங்கள் வேலை. அந்த வாடையை முகர்ந்து வளர்ந்த நீங்கள், கல்யாண வீட்டில் யாராவது பீர் நீட்டினாலும், "எனக்கு ஓரஞ்சு போதும்லா" என்று சிரித்துத் தள்ளிவிடுவீர்கள். உங்களைக் கேலி செய்தவர்களுக்கே இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, உங்கள் கண் மஞ்சளானதும் எப்படி மறந்துபோனது?

சித்தியவான் பக்கம் நாம் தோட்டத்தில் இருந்த காலத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லோரி கவிழ்ந்தது. உங்கள் தொடை நசுங்கியது. உங்களுக்கு இருபத்திரண்டு வயது. மருத்துவமனையில் நாலு பை ரத்தம் ஏற்றினார்கள். யார் பெற்ற பிள்ளையோ கொடுத்த ரத்தம் என்று அம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடும் பரிசோதனையே இல்லையாம். கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ரத்தம் இல்லாவிட்டால் நீங்கள் அன்றைக்கே போயிருப்பீர்கள். உங்களோடு எனக்கு முப்பது வருஷம் கிடைத்திருக்காது.

கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான். பள்ளிக்கூடத் தோட்ட வேலையில் மண்வெட்டி தூக்க முடியாமல் நீங்கள் சோர்ந்துபோனீர்கள். நீங்கள் அப்போது குடியிருந்த லகாட்டிலிருந்து உங்களை ஒரு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார்.

"மினும்?" குடிப்பியா என்று கேட்டார்.

"தாக், டாக்டர். தாக் பெர்னா." இல்லை, எப்போதுமே இல்லை என்று சொன்னீர்கள்.

அவர் சிரித்தார். "எப்போது நிறுத்தினாய்?" என்று மலாயில் அடுத்த கேள்வி. நீங்கள் திரும்பவும் இல்லை என்றீர்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். ரத்தம் ஏற்றியிருக்கிறதா என்று கேட்கவில்லை. இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பவில்லை. தோட்டத்துத் தமிழன், ஈரல் கோளாறு, முடிந்தது கணக்கு. சத்துமாத்திரை கொடுத்து, "இனிமேல் குடிக்காதே" என்று அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை அண்ணே. டாக்டர் ஆயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்படியே மூன்று வருஷம் போனது. வயிறு உப்பியது. பேச்சு குழறியது. ஒரு நாள் மத்தியானம் என்னை "அம்மா" என்று கூப்பிட்டீர்கள். கெட்டுப்போன ஈரலால் மூளையும் தடுமாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் செய்ததை இன்றுவரை அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. தலையணையைச் சரி செய்கிற மாதிரி குனிந்து உங்கள் வாயை முகர்ந்து பார்த்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். வாயைத் திறந்து காட்டினீர்கள், சின்னப் பிள்ளை டாக்டரிடம் காட்டுவது போல.

மாணிக்கத்தைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

கடைசியில் பெரிய மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா உங்கள் தொடைத் தழும்பைப் பார்த்து, "ரத்தம் ஏற்றினார்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். ஒரே வாரத்தில் ஹெப்படைடிஸ் சி என்று பெயர் தெரிந்தது. ஈரல் அதற்குள் கல்லாகிவிட்டது. புது மாத்திரை வெளிநாட்டில் வந்துவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"செல்வி, வியாதிக்குப் பேரு தெரிஞ்சிருச்சு. நான் குடிக்கலன்னு இப்ப எல்லாருக்கும் சொல்லலாம்ல?"

ஏழே வாரத்தில் போய்விட்டீர்கள். நான் சொன்னேன் அண்ணே. சாவு வீட்டில் சொன்னேன், பதினாறாம் நாள் சொன்னேன். கிருமியாம், ரத்தமாம், தங்கச்சி மூடி மறைக்கிறா என்று என் காதுபடவே பேசினார்கள்.

போன வருஷம் சிலிபினில் ஒரு மண்டபத்தில் இலவசப் பரிசோதனை நடந்தது. வந்தவர்களுக்குப் பாரம் எழுதிக்கொடுக்க நானும் போயிருந்தேன். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிஷம். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. இந்த ஒரு சொட்டைத்தானே உங்களிடம் மூன்று வருஷமாக யாரும் எடுக்கவில்லை?

அன்றைக்கு மாணிக்கமும் வந்து குத்திக்கொண்டான். பதிலை என்னிடம் சொல்லாமல் போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான். பள்ளி பஸ் ஓட்டிவிட்டு அப்படியே வந்திருந்தான், சட்டையெல்லாம் வேர்வை.

"செல்விக்கா, ஹெப்படைடிஸ் சியாம். இன்னொரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம். எனக்கு எப்படிக்கா? நான் பீர்கூட எப்பவாச்சும்தான்லா. சொன்னா யாரு நம்புவா?"

"டாக்டரு குடிப்பியான்னு கேட்டாரா?"

"அத மட்டும் கேட்கலக்கா. ரத்தம் ஏத்துனீங்களா, பச்சை குத்துனீங்களான்னு எல்லாம் கேட்டாங்க. கையில பேரு குத்தியிருக்கேன்ல, வயசுல குத்துனது, அதா இருக்கலாம்னாங்க."

"அண்ணனுக்கும் இதே வியாதிதான் மாணிக்கம். அவரும் குடிக்கலன்னுதான் சொன்னாரு."

அவன் தலை குனிந்தது. "அப்ப எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். குடிச்சாருன்னு சொல்லியிருக்கக் கூடாது."

அவன் செத்துவிடுவேனா என்று அழுதான். என்ன செய்ய? நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கிருமி இருப்பது உறுதியானது. விலாவில் ஒரு கருவியை வைத்து, வலியே இல்லாமல், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்தார்கள். அதிகமில்லை என்றார்கள். மாத்திரை டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். எவ்வளவு சின்னச் சத்தம்! இது கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன? அந்த முதல் டாக்டர் கொஞ்சம் காது கொடுத்திருந்தால், இது வரும்வரை உங்களைக் காத்து வைத்திருக்க முடியாதா? பெரிய டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, ஆனால் வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். வாய்ப்பு, அவ்வளவுதான். அதைத்தான் உங்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள்.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து மாணிக்கத்தின் ரத்தத்தில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் என் காலைத் தொட வந்தான். "என் கால் வேணாம். அண்ணன் திதிக்கு வா. அன்னைக்குச் சொன்ன வாயால சொந்தக்காரங்க முன்னால உண்மையச் சொல்லு" என்றேன்.

போன மாதம் உங்கள் திதி. படையல் போட்டுச் சாம்பிராணி காட்டி முடித்ததும் மாணிக்கம் எழுந்தான். "அண்ணன் குடிக்கல. அவருக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றான்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சரி விடு தம்பி, செத்தவரப் பத்தி இப்ப எதுக்கு?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ! "செத்த அன்னைக்குப் பேசுனீங்கல்ல? இன்னைக்குக் கேளுங்க!"

அண்ணி மெதுவாகச் சொன்னார், "அவரு இருக்கும்போது யாராச்சும் சொல்லியிருக்கலாம்." பிறகு எழுந்து போய் இலை போடச் சொன்னார். அண்ணியையும் சோதித்துவிட்டோம், கிருமி இல்லை. அந்த விஷயத்தில் நிம்மதியாக இருங்கள்.

வரும் திங்கட்கிழமை எங்கள் கையுறை ஃபாக்டரியில் வேலை செய்யும் பாக்கியத்தைக் கூட்டிப்போகிறேன். பரிசோதனை வராத காலத்தில் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றிக்கொண்டவள். "ஏதாச்சும் இருந்துச்சுன்னா ஜனம் என்னா பேசும்க்கா" என்று பயப்படுகிறாள். அவளுக்கு அடுத்து இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் உட்கார்ந்திருப்பேன் அண்ணே. அவர்கள் சொல்வதை டாக்டர் காதில் வாங்கி எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவள்,
செல்வி
சிலிபின், ஈப்போ