மூடிய கேட்டுக்கு அடியில்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாயிருக்க வேண்டும். உன் தம்பியும் கைகால் முழுசாகத்தான் இருக்கிறான், அது யார் செய்த புண்ணியமோ.

தம்பியை நடுரோட்டில் அடித்தேன் என்று அம்மா போனில் அழுததும், "இந்தக் காலத்துல பிள்ளைய யாராவது கைநீட்டுவாங்களாப்பா"ன்னு நீ என்னைப் பொரிந்து தள்ளினாய். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூட நேரம், ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டுப் பச்சைக்கொடியோடு நிற்கிறேன். இரண்டு பக்கமும் ஹாரன் காதைக் கிழிக்கிறது. ஒரு ரயில் போய்விட்டது, எதிர்ப்பாதையில் இன்னொன்று வருகிறது, நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், எவன் காதில் வாங்கினான்? மருந்துக்கடைக்காரர் பைக்கைச் சாய்த்து நுழைக்கிறார். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரே குனிந்து போகிறார், அவர் பின்னாலேயே உன் தம்பி. தண்டவாளத்தில் செருப்பு கழன்றுவிட்டதாம், துரை அதை எடுக்கத் திரும்புகிறார், வளைவில் ரயில் வந்துவிட்டது. கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி, புத்தகப்பையோடு சேர்த்து இழுத்தேன். அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் அடிக்கிறது. ஆமாம், அப்புறம் முதுகில் நாலு வைத்தேன். கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? "கேட்டை சீக்கிரம் தொறந்திருந்தா பையன் ஏன் குனியப் போறான்"னு. வாத்தியார் என்னிடம், "பசங்களுக்கு அன்பா சொல்லணும் சார்" என்றார். கொடி காட்டாமல் ஓடியதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். அத்தனை பேரில் ஏன் விதியை மீறினாய் என்று கேட்கப்பட்ட ஆள் நான் ஒருத்தன்தான்.

அதுகூடப் போகட்டும். ஏன்டா குனிந்தாய் என்று வீட்டில் கேட்டால், "அக்காதான் சொன்னா, லேட்டாச்சுன்னா குனிஞ்சு போயிடு, நம்ம அப்பா கேட்டுதானேன்னு" என்கிறான். அங்கே ஆளில்லாத ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன் என்று பெருமையடிப்பாயே மகளே, அந்த விளக்குக்கு இருக்கிற மரியாதை உன் அப்பன் போடுகிற கேட்டுக்கு இல்லையா? கேட்கீப்பர் மகன் என்று ரயில் ஒதுங்கிப் போகுமா? அடிக்காதே என்கிறாய். சரி, இனி அடிக்கவில்லை, அடித்தும் ஒன்றும் ஆகவில்லை. நேற்றும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். என்னையும் பார்க்கவில்லை, ரயிலையும் பார்க்கவில்லை, கம்பிக்குக் கீழே இருக்கிற இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னால் அது கேட்கீப்பர் சொல்வது, நீ சொன்னால்தான் அவனுக்கு வேதம். நீயே கூப்பிட்டு, அக்கா சொன்னது தப்புடா என்று உன் வாயால் சொல்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. கடிதம் தபாலில் வருவதற்குள் அவன் எத்தனை தடவை அந்தக் கேட்டைக் கடப்பானோ, அதனால் இதைப் படமெடுத்து அம்மா போனிலிருந்து இப்போதே அனுப்பச் சொல்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். காலையில் அவன் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடு.

உன் அப்பா