கழுவக் கூடாத பெட்டி

காக்கா,

இன்று ஆபீஸில் எல்லோரையும் கூட்டி ஒரு வீடியோ போட்டார்கள். எங்கள் கம்பெனியின் புது சோடியம் பேட்டரியை ஒருவன் ஹோஸ் பைப்பால் கழுவுகிறான். கழுவிய கையோடு வண்டியை எடுத்து ஓட்டுகிறான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்ச் சற்று நேரம் சும்மா நின்றேன்.

நான் இப்போது சம்பளம் வாங்குவது அன்று நம்மை முந்திய வெளிநாட்டுக் கம்பெனிகளில் ஒன்றில்தான். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சென்னையில் ஒரே அறையில் நாம் நாலு பேர். லித்தியம் வேண்டாம், உப்பிலிருக்கும் சோடியம் போதும் என்று கிளம்பினோம். "நம்ம ஊருல உப்புக்கா பஞ்சம்?" என்பீர்கள். உங்கள் தங்கை கூப்பிடுவதைக் கேட்டு நானும் உங்களைக் காக்கா என்றபோது மற்ற இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். உங்கள் ஊரான பெரியபட்டினத்தில் அண்ணனுக்கு அதுதான் பெயர் என்று சொன்ன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். வாரத்துக்கு ஒரு நாட்டில் எவராவது நம்முடையதைவிட வேகமாகச் சார்ஜ் ஏறும் பேட்டரியை அறிவித்தார்கள். ஓடி ஓடிக் களைத்தோம். உப்புக்காற்றில் ஒரு மாதம் தாங்கினால் நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள் முதல் போடுகிறவர்கள். நமக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான். உங்கள் மச்சானின் லோடு ஆட்டோவில், மீன் பெட்டிகளுக்கு அடியில், நம் பேட்டரிப் பெட்டியைப் பொருத்தினீர்கள்.

அவர்கள் வர நாலு நாள் இருக்கும்போது மச்சான் மூடியைத் திறந்து, இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி உள்ளே கழுவிவிட்டார். ஒயர் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று நாம் மூடிக்கு ஸ்க்ரூ இல்லாமல் வெறும் கிளிப்தானே போட்டிருந்தோம்! பெட்டி அன்றே செத்துப்போனது.

"ஆளுக வாராகன்னு சொன்னீக. கடக்கரைக்குப் போயிட்டு வந்தத நல்ல தண்ணில கழுவாம எப்புடி வைக்கிறது?" என்றார். படகு இன்ஜின், சைக்கிள், எதுவானாலும் உப்பு தின்னாமலிருக்க அங்கே கழுவித்தான் வைப்பார்கள்.

'பயன்படுத்தியவரின் தவறு' என்று முதல் போடுகிறவர்களுக்கு ரிப்போர்ட் எழுதினேன்.

"அப்புடி எழுதாதம்மா. கழுவுற ஊருக்குக் கழுவ முடியாத பெட்டியக் கொண்டாந்தது நாமதான்" என்றீர்கள்.

"ஒங்க மச்சான்னு பாக்குறீக" என்று சொல்லி, எழுதியதை அப்படியே அனுப்பினேன். அவர்களில் எவரும் வரவில்லை. அறையைக் காலி செய்தோம். அந்த வருடம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். மௌத்து வீட்டுக்கு வந்த என்னை மச்சான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கான இன்டர்வியூவில், கழுவுகிற ஊரைப் பற்றிய உங்கள் வாக்கியத்தை என்னுடையதுபோலச் சொன்னேன். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று கைத்தட்டல் வாங்கிய பெட்டி.

மனசு கேட்காமல் சாயங்காலம் மச்சானுக்குப் போன் செய்தேன். "அண்ணே, தப்பு ஒங்களுது இல்ல, எங்களுது. காக்கா அன்னைக்கே சொன்னாக, நாந்தான் கேக்கல."

மச்சான் கேட்டார்: "அப்ப, அவுக எம்மேல கோவத்தோட போகலயாம்மா?"

"ஒருநாளும் இல்லண்ணே."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காக்கா. மூன்று வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை எழுதியதும் இந்தக் கைதான். இதை வைத்துக்கொண்டுதான் இனியும் எழுத வேண்டும்.