இரண்டரை மணி நேரத் தூரம்

ஜூன் 23, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நந்தனம் சிக்னலில் பஸ் நின்றது நின்றதுதான். வகுப்புக்குத் தாமதம்.

தி.நகர் மாடி வகுப்பு, கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கும் பயிற்சி. நாலாவது வாரம். திவ்யா மேடம் (என்னைவிடச் சின்னவள், மேடம் என்றால் சிரிப்பாள்) எங்களுக்கு முன்பே வந்து ஒவ்வொரு மெஷினிலும் எதையாவது கெடுத்து வைத்துவிடுவாள். "உடைச்சு வெச்சிருக்கேன். கண்டுபிடிங்க." அதுதான் பாடம்.

என்னுடையதில் விண்டோஸ் ஏறவில்லை. மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் மாற்றினேன், ஏறிவிட்டது. பெருமையாக நிமிர்ந்தால்,

"எதனால சரியாச்சுக்கா?"

தெரியவில்லை.

"அப்ப சரியாகல. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்." மறுபடி கெடுத்துக் கொடுத்தாள். ராட்சசி. ஆனால் பிடித்திருக்கிறது.

பக்கத்து சீட் ஏழுமலை, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்: "உனுதாவது ஏறிச்சு. என்னுது சுத்திக்கினே கீதுக்கா, ராட்டினம் கணக்கா."

வாங்க வேண்டியது: நஸ்ரினுக்கு நோட்டு அட்டை. மாமிக்கு முட்டிவலித் தைலம். பால்.

யூசுப் என்னையும் நஸ்ரினையும் விட்டுக் குவைத் போய் இரண்டு வருடம் முடிந்தது. பக்ரீத்துக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. அவருக்கு எடுத்த புதுச் சட்டை பீரோவில் மடித்தபடி.

ஜூன் 24, செவ்வாய்

வெயில். வகுப்பில் இன்று கெடுத்ததெல்லாம் நெட்வொர்க். இரண்டு கண்டுபிடித்தேன், ஒன்று கோட்டை விட்டேன்.

திவ்யா சொன்னது, எழுதி வைக்கிறேன். யார் போன் செய்தாலும் முதல் கேள்வி: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? எல்லாரும் சொல்லும் பதில்: நான் ஒண்ணும் பண்ணல. "சண்டை போடாதீங்க. நம்பவும் செய்யாதீங்க. நீங்களே பாருங்க."

நஸ்ரின் ஸ்கூல் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், போன் சிணுங்கியது. யூசுப். "வந்தாச்சா?" ஸ்கூல் திறந்ததிலிருந்து தினமும் இதே நேரம், இதே ஒரு வார்த்தை. இன்னொரு வார்த்தை சேர்த்து எழுதினால் கை தேய்ந்துவிடுமா? "ம்" என்று அனுப்பினேன். நானும் சளைத்தவள் இல்லை.

பிறகு வருத்தமாக இருந்தது.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் தூறல். துணி நனைந்தது.

யூசுப் போன். குரலே சரியில்லை. அவர் வேலை பார்க்கும் கடையில் பில் போடுவதும் கணக்குப் பார்ப்பதும் இவர்தான். ராத்திரி போடும் பில்களெல்லாம் மறுநாள் தேதியில் விழுகின்றனவாம். தினமும். முதலாளி இவரைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்.

"கணக்கு நேராவட்டும், அப்புறம் லீவு பேசலாம்னுட்டாரு. நேராகலைன்னா இந்த வருசமும் இல்ல. இன்னா பண்றதுன்னே தெரியல ஷமீம்."

"கடைசியா என்னங்க மாத்தினீங்க?"

"நான் ஒண்ணும் தொடலம்மா!"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இங்கிருந்தே அந்தத் திரையைத் திறந்து நான் பார்க்கட்டுமா என்றேன். "உனக்கு அதெல்லாம் வருமா?" என்றார். நல்ல கேள்வி.

ஜூன் 26, வியாழன்

திவ்யாவிடம் கேட்டேன். தூரத்து மெஷினில் எப்படி நுழைவது என்று இரண்டு தடவை செய்து காட்டினாள். நுழையுமுன் கேள், தொடுமுன் சொல், முடித்ததும் நீயே துண்டி.

"யாரு மெஷின்க்கா?"

"எங்க வீட்டுக்காரர்து."

"அய்யோ. சொந்தக்காரங்கதான் மோசமான கஸ்டமர்."

முதலாளி சம்மதித்துவிட்டாராம். நாளை வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடியும்வரை கடை அடைப்பு. இவர் தனியாகத் திறந்து உட்காருவார்.

பயமாக இருக்கிறது. நான் எதையாவது கெடுத்துவிட்டால், இருக்கிற வேலையும் போகும். வந்து நிற்பார்தான். ஆனால் அப்படி வர வேண்டாம் யா அல்லாஹ்.

ஜூன் 27, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. கோட்டூர்புரத்தில் காற்றே இல்லை. நஸ்ரினை அனுப்பிவிட்டு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

இணைப்பு எண்ணைச் சொன்னேன், அவர் தட்டினார், என் திரைக்குள் அவர் திரை. முகப்பில் நஸ்ரின் படம் இருக்கும் என்று நினைத்தேன், ஒருவேளை நானும். பேரீச்சம்பழ விளம்பரம். சுருக்கென்றது. சரி, கடை மெஷின்.

ஒரே அம்புக்குறிதான். நானும் நகர்த்தலாம், அவரும் நகர்த்தலாம். நான் வலப்பக்கம் போனால் அவர் இடப்பக்கம் இழுத்தார்.

"கையை எடுங்க."

"நீதான் இழுக்கறே."

இரண்டு வருடத்தில் இதுதான் நாங்கள் சேர்ந்து பிடித்த ஒரே பொருள். சிரித்தோம். மாமி உள்ளேயிருந்து, "புருஷன்கிட்ட பேசறியா, பொட்டிக்கிட்ட பேசறியா?"

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பில் மென்பொருள், சரி. அப்டேட், சரி. டிஸ்க், சரி. வைரஸ் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தேதி மட்டும் தப்பாக விழுகிறது. வியர்த்துக் கொட்டியது. திவ்யாவுக்கு போன் போடலாமா என்று கூட நினைத்தேன்.

அவர் கொட்டாவி விட்டார். "இன்னும் டீ கூட குடிக்கல. இங்க மணி எட்டுதானே."

எட்டா?

அவர் திரையின் மூலையைப் பார்த்தேன். 10.32. அதற்குக் கீழே என் லேப்டாப்பின் மூலை. 10.32. இத்தனை நேரமும் அது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. தப்பாகவே தெரியவில்லை, ஏனென்றால் இங்கே அது சரியான மணி. குவைத்தில் ஒன்பதரை அடிக்கும்போது அந்த மெஷினுக்கு நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அதற்குமேல் போடும் பில்லெல்லாம் மறுநாள்.

"ஏங்க. இந்த மணியை யாரு மாத்தினது?"

"நான் ஒண்ணும்..." நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாக, "ஸ்கூல் தொறந்த அன்னிக்கு மாத்தினேன். மனசுக்குள்ளயே கூட்டிக் கூட்டிப் பார்த்து அலுத்துப் போச்சும்மா. இது நம்ம வூட்டு மணி காட்டுச்சுன்னா, இப்ப நீ பஸ்சுல போய்க்கினு இருப்பே, இப்ப பாப்பா சாப்புடும், இப்ப ஆட்டோ வந்துரும்னு பார்த்துக்கினே பில்லு போடுவேன். பக்கத்துல கீற மாதிரி இருந்துச்சு. இதுக்கும் பில்லு தேதிக்கும் சம்பந்தம் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

தினமும் ஆட்டோ நிற்கும் அதே நேரத்துக்கு "வந்தாச்சா?" எப்படி வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு நான் "ம்" என்று அனுப்பியிருக்கிறேன். அழுகை வந்தது. போனைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டேன்.

"ஷமீம்? லைன்ல கீறியா?"

"கீறேன்."

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கை வரவில்லை. "மாத்திடு," என்றார் அவரே. குவைத் நேரம், தானாகவே சரிபார்க்கும்படி. அழுத்தினேன். மணி இரண்டரை மணி நேரம் பின்னால் குதித்தது. கிட்ட வந்து உட்கார்ந்திருந்தவரை என் கையாலேயே கொண்டுபோய் அங்கே விட்டேன்.

இன்னொரு கடிகாரம் சேர்க்க ஒரு வசதி உண்டு. சேர்த்தேன். பேர் கேட்டது. "வீடு" என்று போட்டேன். பில்லை அது தொடாது. ஆனால் எப்போதும் கண்ணெதிரே நிற்காது, அம்பை மணிமேல் கொண்டுபோய் வைத்தால்தான் காட்டும்.

"வெச்சுப் பாருங்க."

அம்பு தயங்கித் தயங்கி மூலைக்குப் போனது. நான் கையை எடுத்துவிட்டேன். வீடு, 10.51. அங்கேயே நின்றது. நானும் துண்டிக்கவில்லை. விதியை மீறிக் கொஞ்ச நேரம்.

ஜூன் 28, சனி

திவ்யா: "காரணம் என்னக்கா?"

"கடிகாரத்தைக் கையால மாத்தியிருக்காங்க."

"எதுக்கு மாத்தினாராம்?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும்க்கா. இல்லைன்னா மறுபடி மாத்துவாங்க."

சரி மேடம் என்றேன்.

நேற்றைய பில்லெல்லாம் நேற்றைய தேதியில். முதலாளி இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறாராம்.

ஜூன் 30, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. வகுப்பில் ஏழுமலையின் மெஷின் கடைசியில் ஏறிவிட்டது, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆட்டோ வந்தது. நஸ்ரின் இறங்கினாள். போன் சிணுங்கவில்லை.

ஷூ கழற்றினாள். பால் குடித்தாள். இல்லை. ஹோம்வொர்க் நோட்டை எடுத்தாள். இல்லை. அந்த மணியை நான் மாற்றாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கடை, கணக்கு, முதலாளி, எல்லாம் எக்கேடும் கெட்டுப் போகட்டும். ஒரு வார்த்தைதான். அதுகூட இல்லாமல் எப்படி?

ஹோம்வொர்க் பாதியில் வந்தது.

"அம்பை வெச்சுப் பாக்க மறந்துட்டேன். வந்தாச்சா?"

உடனே இன்னொன்று. "மொதலாளி லீவு குடுத்துட்டாரு. ஆகஸ்ட்டு."

நஸ்ரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். மாமி என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே முட்டியைப் பிடித்தபடி எழுந்து வந்தார். "ம்" அனுப்பவில்லை.

"பாப்பா வந்தாச்சு. நீங்க வந்து சேருங்க."